வாக்குவம் கிளீனர் வாங்குவதற்கு முன் ஃபில்டர் கிடைக்குமா என்று கேளுங்கள்: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

வளசரவாக்கம்

ஆற்காடு ரோட்டை ஒட்டி இரண்டாவது தெருவில் எங்கள் வீடு, முதல் மாடி. மெட்ரோ வேலை ஆரம்பித்த பிறகு எங்கள் பக்கத்து நிலைமை தெரிந்தவர்களுக்குத் தெரியும், காலையில் பெருக்கித் துடைத்த தரையில் மத்தியானம் வெறுங்காலோடு நடந்தால் நறநறவென்று இருக்கும். அதோடு வாழப் பழகிக்கொண்டோம். ஆனால் என் மகளுக்கு ஏழு வயதில் வீசிங் வந்தது. ராத்திரி இரண்டு மணிக்கு நெபுலைசரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தவர்களுக்கு அந்த இழுப்புச் சத்தம் மறக்காது. டாக்டர் மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, குழந்தை வீட்டில் இருக்கும்போது பெருக்காதீர்கள், துடைப்பம் போட்டால் தூசி வெளியே போகாது, எழும்பி மறுபடி இறங்கும், ஈரத்துணியால் துடையுங்கள், முடிந்தால் நல்ல ஃபில்டர் உள்ள வாக்குவம் கிளீனர் ஒன்று வாங்குங்கள் என்றார். வாக்குவம் கிளீனர் என்பது மட்டும் என் காதில் விழுந்தது. நல்ல ஃபில்டர் என்று அவர் சொன்னதை அப்போது நான் கவனிக்கவில்லை.

ஆடித் தள்ளுபடி சமயம். தி.நகரில் ஒரு கடையில் வரிசையாகப் பத்துப் பதினைந்து மெஷின் வைத்திருந்தார்கள். விற்பனைக்கு நின்ற தம்பி எல்லாவற்றுக்கும் வாட் கணக்குத்தான் சொன்னார். இது 1200, இது 1600, இது 2000, மேடம் 2000 எடுத்துக்கோங்க, இழுவை நல்லா இருக்கும். மிக்ஸி வாங்குகிற மாதிரி வாட்டைப் பார்த்து வாங்கி வந்துவிட்டோம். வாட் என்பது மெஷின் எவ்வளவு கரண்ட் எடுக்கும் என்ற கணக்கு, எவ்வளவு தூசி இழுக்கும் என்ற கணக்கு இல்லை என்று பிறகுதான் புரிந்தது. ஐரோப்பாவில் 2017 செப்டம்பரிலிருந்து வீட்டு வாக்குவம் கிளீனருக்கு 900 வாட்தான் உச்சவரம்பு என்று விதியே இருக்கிறது. கம்பளம் விரித்த வீடுகளை அங்கே அதை வைத்துத்தான் சுத்தம் செய்கிறார்கள். நமக்கு இருப்பது டைல்ஸ் தரை.

வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்தால் பிளக் பெரிய பின். 2000 வாட் என்றால் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர், சாதாரண 6 ஆம்பியர் பாயின்ட் தாங்காது. எங்கள் வீட்டில் பெரிய பாயின்ட் ஏசிக்கு ஒன்று, வாஷிங் மெஷினுக்கு ஒன்று, சமையலறையில் ஒன்று, அவ்வளவுதான். மெஷினின் ஒயர் ஐந்து மீட்டர். ஹாலைச் சுத்தம் செய்ய ஏசி பிளக்கைக் கழற்றிவிட்டு, ஸ்டூல் போட்டு ஏறி மாட்ட வேண்டியிருந்தது. எக்ஸ்டென்ஷன் போட்டு மாற்றிக் குத்தலாமே என்பார்கள், செய்யாதீர்கள், மெல்லிசான எக்ஸ்டென்ஷன் ஒயர் கையில் தொட முடியாத அளவுக்குச் சுட்டதை நானே தொட்டுப் பார்த்திருக்கிறேன்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஒரு நாள் காலை எட்டு மணி இருக்கும், எங்கள் ஹால் ஜன்னல் வழியாக வெயில் ஒரு பட்டையாகத் தரையில் விழும், மெஷினை ஓட்டிக்கொண்டே அந்த இடத்துக்கு வந்தேன். மெஷினின் பின்பக்கம் காற்று வெளியேறும் சல்லடைக்கு நேர் மேலே, வெயில் பட்டைக்குள் புகை மாதிரி தூசி எழும்பிக்கொண்டிருந்தது. ஸ்விட்சை அணைத்தால் நின்றது, போட்டால் மறுபடி எழும்பியது. முன்னால் இழுத்து, உள்ளே இருந்த துணிப்பையில் பெரிய குப்பையை நிறுத்திக்கொண்டு, நுண்ணிய தூசியையெல்லாம் என் குழந்தை மூக்கு உயரத்துக்கு அது ஊதிக்கொண்டிருந்தது. மூன்று மாதமாக, வாரத்துக்கு மூன்று நாள், சுத்தம் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு அதைத்தான் செய்திருக்கிறேன். அன்றைக்கு அழுதேன்.

பதினான்காவது மாதம் ஹோஸ் கைப்பிடிக்குப் பக்கத்தில் வெடித்தது. வாரன்டி ஒரு வருஷம். சரி, காசு கொடுத்து வாங்கலாம் என்று சர்வீஸ் நம்பருக்கு அடித்தால், அந்த மாடல் நிறுத்திவிட்டோம் மேடம், ஹோஸ் ஸ்டாக் இல்லை, புது மாடல் பார்க்கிறீர்களா என்றார்கள். மோட்டார் நன்றாக ஓடுகிறது, ஒரு பிளாஸ்டிக் குழாய்க்காக மொத்தமும் மூலையில் கிடக்கிறது.

இரண்டாவது தடவை கடைக்குப் போகும் முன்னாலேயே நாலு கம்பெனியின் சர்வீஸ் நம்பருக்கு போன் செய்து ஒரே கேள்வி கேட்டேன். இந்த மாடலுக்கு ஹெப்பா ஃபில்டர், அதாவது நுண்ணிய தூசியையும் பிடித்து நிறுத்தும் ஃபில்டர், என்ன விலை, ஹோஸ் என்ன விலை, இப்போது சென்னையில் கையில் இருக்கிறதா. இரண்டு இடத்தில் விலையைச் சொன்னார்கள், இரண்டு இடத்தில் எங்கள் ஆள் கூப்பிடுவார் என்றார்கள், கூப்பிடவில்லை. விலை சொன்ன இரண்டில் ஒன்றை வாங்கினேன். மூன்று வருஷம் ஆகிறது, ஓடுகிறது.

வீட்டுக்கு நம்பகமான மெஷின் எது என்று இப்போது யார் கேட்டாலும் நான் அந்த போன் காலைத்தான் முதலில் சொல்கிறேன். உங்களுக்கு என்ன நடந்தது என்று சொல்லுங்கள். நல்லதும் சொல்லுங்கள், பணம் போனதும் சொல்லுங்கள்.


பெரம்பூர்

மேடம், மோட்டார் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறேன், பதினெட்டு வருஷம். மிக்ஸி, கிரைண்டர், டிரில், வாக்குவம் எல்லாம் வரும். வாக்குவம் மோட்டாரும் மிக்ஸி மோட்டார் ஜாதிதான், கார்பன் பிரஷ் வைத்தது, நிமிஷத்துக்கு இருபதாயிரம் சுற்றுக்கு மேல் ஓடும். வருகிற பத்து மெஷினில் மோட்டார் தானாகக் கெட்டுப்போனது என்று வருவது ரொம்பக் குறைவு, பெரும்பாலும் ஃபில்டர் அடைத்து, அதன் பிறகும் ஓட்டி, சூடேறிக் கருகி வருவதுதான்.

ஏன் என்றால், சாதாரண வீட்டு மெஷினில் குப்பையை இழுத்துவரும் காற்றேதான் ஃபில்டரைத் தாண்டி மோட்டாருக்குள் போய் அதைக் குளிரவைக்கிறது. ஃபில்டர் அடைத்தால் இழுவையும் போச்சு, குளிர்ச்சியும் போச்சு. சத்தம் திடீரென்று கீச்சென்று ஏறினால் உடனே அணைத்துவிடுங்கள். நல்ல மெஷினில் சூடு அதிகமானால் தானே நின்றுவிடும், அரைமணி கழித்துத் திரும்ப ஓடும். அது ரிப்பேர் இல்லை, ஃபில்டரைப் பார் என்று மெஷின் சொல்கிறது. மக்கள் என்ன செய்கிறார்கள் என்றால், ஆறிய உடனே மறுபடி போட்டு ஓட்டுகிறார்கள், மூன்றாவது நாலாவது தடவை காயில் போய்விடும்.

நம்ம ஊர் வீட்டில் ஃபில்டரைக் கொல்வது நாலைந்து சாமான்தான். கோலப்பொடி, விபூதி, ஊதுபத்திச் சாம்பல், பெயின்ட் அடித்த பிறகு பட்டி தேய்த்த தூள், டைல்ஸ் வெட்டிய தூள். எல்லாமே மாவு மாதிரி, பிளீட் வைத்த ஃபில்டரின் மடிப்புக்குள் போய் அப்பிக்கொள்ளும், தட்டினாலும் வராது. போன தை மாதம் ஒருவர் புது மெஷின் கொண்டுவந்தார், வாங்கி ஒன்பது நாள். வீடு பெயின்ட் அடித்துவிட்டு மொத்தப் பட்டித் தூளையும் இதால் இழுத்திருக்கிறார். பிரித்தால் மோட்டார் பேரிங் வரைக்கும் வெள்ளை. அந்த மாதிரி வேலைக்கு முதலில் ஈரத்துணி, கடைசியில் மெஷின். பூஜை அறையில் சாம்பிராணி போட்ட தணலில் ஒரு துளி நெருப்பு உள்ளே கிடந்தாலும் பைக்குள் போய்ப் பற்றிக்கொள்ளும், அந்தப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

ஐரோப்பிய விதி பற்றி எழுதியிருந்தீர்கள். அதே விதியில் மோட்டார் 500 மணி நேரமாவது ஓட வேண்டும், ஹோஸ் 40,000 தடவை வளைந்தாலும் கிழியக் கூடாது என்றும் இருக்கிறது. 500 மணி என்றால் வாரத்துக்கு அரைமணி ஓட்டுகிற வீட்டில் பத்தொன்பது வருஷம். கார்பன் பிரஷ் என்பது விரல் நுனி அளவு கரித்துண்டு, தேய்வதற்கென்றே வைத்தது. மெஷின் விட்டுவிட்டு ஓடினால், காற்று வெளிவரும் ஓட்டை வழியாக நீலமாகப் பொறி தெரிந்தால், கரிந்த வாசனை வந்தால் அது தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். சில நூறு ரூபாய் வேலை. அதற்கே மோட்டார் போய்விட்டது, புதுசு வாங்குங்கள் என்று சொல்லிவிடுகிற இடமும் உண்டு, அதனால் பழைய பிரஷைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

வாங்கும்போது கடையில் ஒரு சோதனை செய்யலாம். மெஷினை ஓட்டச் சொல்லி, வாய்க்குழாயை உள்ளங்கையால் மூடுங்கள். மூடியபடியே இன்னொரு கையை டப்பாவின் மூடி ஓரம், ஹோஸ் மாட்டும் இடம் எல்லாம் சுற்றிக் கொண்டுபோங்கள். எங்காவது காற்று உள்ளே போகிற மாதிரி சீறல் கேட்டால் அங்கே ரப்பர் சரியில்லை. ஹெப்பா ஃபில்டர் எவ்வளவு ஒஸ்தியாக இருந்தாலும் ரப்பர் ஓட்டையாக இருந்தால் தூசி அது வழியாகச் சுற்றிக்கொண்டு போய்விடும்.

உங்கள் பழைய மெஷினைத் தூக்கிப் போடாதீர்கள் மேடம். கம்பெனி ஹோஸ்தான் வேண்டும் என்றில்லை, உள்விட்டம் பொருந்தினால் போதும்.


முடிச்சூர்

பெரம்பூர் அண்ணன் சொன்ன காற்று விஷயத்தில் ஒன்று சேர்க்கிறேன். ஈரத்தையும் இழுக்கிற டிரம் மாடல் வாக்குவத்தில் மோட்டாரைக் குளிரவைக்கும் காற்று தனி வழி, இழுக்கும் காற்று தனி வழி. அதனால்தான் அது தண்ணீரைத் தாங்குகிறது. சாதாரண மெஷினில் ஒரு டம்ளர் தண்ணீர் இழுத்தாலும் ஆபத்து.

எங்களுக்கு 2015 டிசம்பரில் இடுப்பளவு தண்ணீர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது முழங்கால். 2015க்குப் பிறகு 20 லிட்டர் டிரம் ஒன்று வாங்கி வைத்திருந்தேன், 2023இல் அதுதான் கை கொடுத்தது, ஆனால் எப்படிக் கை கொடுத்தது என்று சரியாகச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் இதை வாங்கிவிட்டால் வெள்ளத்தைச் சமாளித்துவிடலாம் என்று யாராவது நம்பிவிடுவார்கள்.

பதினைந்துக்குப் பன்னிரண்டு அடி ஹாலில் இரண்டு சென்டிமீட்டர் தண்ணீர் நின்றால் அதுவே முந்நூறு லிட்டருக்கு மேல். 20 லிட்டர் டிரம்மை நிறைத்து நிறைத்து ஊற்றினால் பதினேழு தடவை. நிறைந்த டிரம்மை மெஷினோடு தூக்கினால் முதுகு போய்விடும். தண்ணீரை வைப்பரால் தள்ளி வெளியே விட்டது நாங்கள்தான். பிறகு கதவு நிலை ஓரம், கட்டில் கால் சுற்றி, டைல்ஸ் இடுக்கு, பீரோ அடி என்று மாப்பால் எடுக்க முடியாத சேறும் ஈரமும் கிடக்குமே, அதை இழுத்துத் தந்தது மெஷின். மூன்று நாளில் காய வேண்டிய வீடு ஒரே நாளில் காய்ந்தது, பூசணம் பிடிக்கவில்லை.

அன்றைக்குச் செய்த தவறு ஒன்று. டிரம்முக்குள் வட்டமாகக் காகித ஃபில்டர் இருக்கும், அது உலர்ந்த தூசிக்கு. ஈரத்துக்கு அதை எடுத்துவிட்டு ஸ்பாஞ்ச் உறை மாட்ட வேண்டும். அவசரத்தில் மறந்துவிட்டேன். பத்து நிமிஷத்தில் காகிதம் கூழாகி, கஞ்சி மாதிரி மோட்டார் வாய்க்குப் போய் அடைத்துக்கொண்டது. நல்லவேளை, மோட்டாருக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்னொன்று, டிரம் நிறைந்தவுடன் உள்ளே ஒரு மிதவை எழும்பி இழுவையை அடைத்துவிடும், சத்தம் ஓவென்று மாறும், இழுக்காது. கெட்டுப்போய்விட்டது என்று பயந்து என் தம்பி தட்டிக்கொண்டிருந்தான். கொட்டிவிட்டுப் போட்டால் சரி.

கீழே இருக்கும் பிளக் பாயின்ட் தண்ணீரில் முழுகியிருந்தால் எலெக்ட்ரீஷியன் பார்க்காமல் மெயினைப் போடவே கூடாது. நாங்கள் மாடி வீட்டிலிருந்து லைன் இழுத்தோம், அங்கே ஷாக் அடித்தால் தானே அறுக்கும் ஆர்சிசிபி இருந்தது. அது இல்லாத வீட்டில் ஈரத்தரையில் நின்று எந்த மெஷினும் ஓட்டாதீர்கள். சாக்கடை கலந்த தண்ணீர் என்றால் வேலை முடிந்ததும் டிரம்மை பிளீச்சிங் போட்டுக் கழுவி வெயிலில் காயவையுங்கள்.


அண்ணா நகர்

எங்களுக்கு நடந்தது வேறு விதம். அப்பாவுக்கு 72 வயது. ஒரு பொருட்காட்சியில் பரிசுக் குலுக்கல் என்று சீட்டில் பெயரும் போன் நம்பரும் எழுதிப் போட்டிருக்கிறார். ஒரு வாரம் கழித்து, சார் உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது, வீட்டுக்கு வந்து கொடுக்கிறோம், கூடவே ஒரு மெத்தையை இலவசமாகச் சுத்தம் செய்து காட்டுகிறோம் என்று போன். நாங்கள் இருவரும் வேலைக்குப் போயிருந்த நேரம். இரண்டு பேர் வந்து இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார்கள்.

மெஷின் வாய்க்கு முன்னால் ஒரு கறுப்புத் துணியை வைத்து என் பையன் படுக்கிற மெத்தை மேல் ஓட்டி, துணியை எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். சாம்பல் நிறத்தில் மாவு மாதிரி ஒரு வட்டம். ஐயா, இதைத்தான் உங்கள் பேரன் தினமும் சுவாசிக்கிறான். இன்னொரு துணி, இன்னொரு வட்டம். இப்படிப் பதினாறு துணியைத் தரையில் வரிசையாக வைத்திருக்கிறார்கள், நாங்கள் வந்து பார்த்தபோதும் அப்படியே கிடந்தது. அப்பா கையெழுத்துப் போட்டுப் பத்தாயிரம் முன்பணமும் கொடுத்துவிட்டார். மொத்த விலை ஒரு லட்சத்துக்கும் மேல். அவர் ஏமாளி இல்லை, பேரன் மேல் உயிர், அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டிலிருந்து சாதாரண மெஷின் ஒன்று வாங்கிவந்து, அதே மெத்தையில், கர்சீப்பை வைத்து ஓட்டினேன். அதே வட்டம். பிறகு அன்றைக்குத்தான் வெயிலில் போட்டு உறை மாற்றிய விருந்தாளி அறை மெத்தையில் ஓட்டினேன், அங்கேயும் வட்டம். மனுஷன் படுக்கிற எந்த மெத்தையிலும் தோல் உதிர்வும் துணி நூலும் இருக்கும், எந்த மெஷினும் அதை இழுக்கும். மெத்தையில் கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சி இருப்பது உண்மைதான், நம் கடலோர ஈரக் காற்றில் அது நன்றாக வளரும், அலர்ஜி தருவது முக்கியமாக அதன் எச்சம். ஆனால் உயிரோடு இருக்கும் பூச்சி நூலைப் பற்றிக்கொள்ளும், வெறும் இழுவைக்கு முழுசாக வராது. உறையையும் போர்வையையும் வாரம் ஒரு தடவை 60 டிகிரி வெந்நீரில் துவைப்பதுதான் அதைக் கொல்லும். இதை அந்த இருவரும் அப்பாவிடம் சொல்லவில்லை.

முன்பணம் திரும்பி வர மூன்று வாரம் ஆனது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுத்த பிறகுதான் அவர்களிடமிருந்து போன் வந்தது. அதிலும் வராமல் போயிருந்தால் வழக்குப் போடத் தயாராகத்தான் இருந்தோம். 2019ஆம் வருஷத்து நுகர்வோர் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது. வீட்டில் பெரியவர்கள் தனியாக இருந்தால் இதைத் தயவுசெய்து அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.


சோழிங்கநல்லூர்

பதினோராவது மாடி, இரண்டு பேரும் ஐ.டி., அதனால் ரோபோ வாங்கினோம். சுருக்கமாகச் சொல்கிறேன். தினசரித் தூசிக்கு ரொம்ப நல்லது, தினமும் ஓடுவதால் தூசி சேரவே விடாது, கட்டிலுக்கு அடியில் அது போகிற இடத்துக்கு எந்தத் துடைப்பமும் போகாது. ஆனால் வாங்கும் முன் ஸ்கேல் எடுத்து வீட்டு நிலைப்படியை அளந்து பாருங்கள், இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் பெரும்பாலான ரோபோ ஏறாது. எங்கள் பால்கனிப் படியும் பூஜை அறைப் படியும் அதற்கு மேல்.

என் மாமியார் தலையில் வைத்த மல்லிகைச் சரம் ஒரு நாள் கீழே விழுந்திருக்கிறது. ரோபோ அதை எடுத்துக்கொண்டது. பூ போய்விட்டது, வாழைநார் மட்டும் உருளைப் பிரஷில் முறுக்கிக்கொண்டு, இரண்டு ஓரத்திலும் இருக்கும் பேரிங்குக்குள் கயிறு மாதிரி இறங்கிவிட்டது. முடி சுற்றினால் கத்தரியால் வெட்டி எடுக்கலாம், நார் பிளாஸ்டிக்கை அறுத்துவிட்டது. புது பிரஷ் வரப் பத்து நாள். வளசரவாக்கம் அக்கா சொன்ன மாதிரி உதிரி பாகத்தைக் கேட்டுவிட்டு வாங்கியிருந்தால் அப்போதே இரண்டாகச் சேர்த்து வாங்கியிருப்போம்.

கம்பியில்லாத கைக்குழாய் மாடலும் வைத்திருக்கிறோம். மூன்றாவது வருஷம் பேட்டரி பாதி நேரம்தான் நிற்கிறது, லித்தியம் பேட்டரி சில நூறு சார்ஜுக்குப் பிறகு அப்படித்தான் ஆகும், அதிலும் நாங்கள் வெயில் அடிக்கும் யுட்டிலிட்டியில் சார்ஜரை மாட்டி வைத்திருந்தோம், சூடு இன்னும் சீக்கிரம் கெடுத்தது. பேட்டரியைத் தனியாகக் கழற்றி மாற்ற முடிகிற மாடலாகப் பாருங்கள்.

ஓ.எம்.ஆர். பக்கம் எல்லா அடுக்குமாடியிலும் புறாத் தொல்லை. பால்கனியில் காய்ந்த புறா எச்சத்தை வாக்குவத்தால் இழுக்கவே கூடாது. அந்தத் தூள் நுரையீரலுக்குக் கெடுதல், தண்ணீர் தெளித்து ஊறவைத்து, முகக்கவசம் போட்டுக்கொண்டு வழித்தெடுக்க வேண்டும்.


மயிலாப்பூர்

எல்லாவற்றையும் படித்தேன். என்னிடம் இருப்பது 1991இல் வாங்கியது. அந்தக் காலத்தில் யுரேகா ஃபோர்ப்ஸ் பையன்கள் டை கட்டிக்கொண்டு வீடு வீடாக வருவார்கள், ஹாலில் குப்பையைக் கொட்டி இழுத்துக் காட்டுவார்கள். என் மனைவி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள், இது கெட்டுப்போனால் யார் வருவார்கள் என்று. அந்தப் பையன் நானே வருவேன் அம்மா என்றான், நாலைந்து வருஷம் வந்தான் கூட. கார்பன் பிரஷ் இரண்டு தடவை, ஹோஸ் ஒரு தடவை மாற்றியாயிற்று. போகிக்கு ஒட்டடை அடித்த பிறகு ஒரு நாள், நவராத்திரிக்குக் கொலுப்படி கட்டும் முன் ஒரு நாள், மற்றபடி வாரம் ஒரு தடவை புத்தக அலமாரிக்கு. ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைப்பேன். முன்வாசலுக்கு இன்றைக்கும் தென்னந்துடைப்பம்தான், மெஷின் அங்கே வேண்டாம்.

அம்மா, குழந்தைக்கு இப்போது எப்படி இருக்கிறது? அதை எழுதவில்லையே.


கொளத்தூர்

அக்கா, பத்தாயிரத்துக்குள் பார்க்கிறேன். இரண்டு அறை வீடு, ஒரு சோபா, நாய் இல்லை, பூனை இல்லை. பை வைத்ததா, பை இல்லாததா? எங்கள் வீட்டு இன்வெர்ட்டரில் ஓடுமா?


வளசரவாக்கம்

மயிலாப்பூர் ஐயா, கேட்டதற்கு நன்றி. இப்போது பதினொன்று வயது. இந்த வருஷம் நெபுலைசரை இரண்டு தடவைதான் எடுத்தோம். மெஷினால்தான் என்று சொல்ல மாட்டேன், தினமும் இன்ஹேலர் போடுகிறோம், மெத்தை உறையை வெந்நீரில் துவைக்கிறோம், ஜன்னலை மெட்ரோ லாரி ஓடும் நேரம் சாத்தி வைக்கிறோம், எல்லாம் சேர்ந்துதான். மெஷின் ஓடும்போது அவள் அந்த அறையில் இருக்க மாட்டாள், முடிந்த பிறகும் அரைமணி விட்டுத்தான் உள்ளே வருவாள்.

கொளத்தூர் தம்பி, வீட்டில் யாருக்காவது வீசிங், தும்மல் இருந்தால் பை வைத்ததையே வாங்குங்கள். பை இல்லாத டப்பாவில் செலவு குறைவு, உண்மைதான், ஆனால் கொட்டும்போது தூசி மொத்தமும் முகத்துக்கு வரும், எங்களுக்கு அந்த ஒரு நிமிஷம் போதும் ராத்திரி தூக்கம் போக. பையை வாயை மூடி அப்படியே குப்பையில் போட்டுவிடலாம். எனக்கு ஒரு பை இரண்டு மாதம் வருகிறது. ஹெப்பா என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது, 0.3 மைக்ரான் அளவுத் துகளில் 99.97 சதவீதம் நிறுத்தும் என்றோ, ஹெச்13 என்றோ போட்டிருக்கிறதா பாருங்கள். ஹெப்பா மாதிரி, ஹெப்பா வகை என்றெல்லாம் எழுதியிருப்பார்கள், அது வேறு. யாருக்கும் அலர்ஜி இல்லை என்றால் பை இல்லாததே போதும், கழுவுகிற ஃபில்டரை மட்டும் முழுசாக, ஒரு நாள் முழுக்கக் காயவைத்துத்தான் திரும்ப மாட்ட வேண்டும், ஈரத்தோடு மாட்டினால் நாற்றம் அடிக்கும்.

இன்வெர்ட்டரில் ஓடாது. வீட்டு இன்வெர்ட்டர் பொதுவாக 900 விஏ அளவு, மெஷின் 1200 வாட் கேட்கும். கரண்ட் இருக்கும்போதே முடித்துவிடுங்கள்.

இன்னொன்று யாரும் எழுதவில்லை. வீட்டில் அந்த மெஷினை யார் பிடிக்கப் போகிறார்கள்? எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வரும் அக்காவுக்கு 50 வயது, முட்டி வலி. முதல் மெஷின் ஏழு கிலோ, குனிந்துதான் தள்ள வேண்டும், அவர் அதைத் தொடவே பயந்தார், எனக்கு நேரம் இருக்கிற நாளில் மட்டும் ஓடியது. இரண்டாவது வாங்கும்போது அவரையும் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். குழாயை நீட்டி, தன் உயரத்துக்கு வைத்து, நிமிர்ந்து நின்று கடைக்குள்ளேயே நாலு தடவை இழுத்துப் பார்த்தார். ஸ்விட்சைக் காலால் அழுத்தும்படி இருந்ததைத்தான் அவர் எடுத்தார். இப்போது பை நிறைந்ததை எனக்குச் சொல்வதே அவர்தான். அவருக்கும் வருஷக்கணக்காக ஒரு வறட்டு இருமல் இருந்தது, நாலு வீட்டில் பெருக்குகிறவர், இப்போது எங்கள் வீட்டில் வேலை செய்யும் நேரத்தில் அது வருவதில்லை என்கிறார். மற்ற மூன்று வீட்டிலும் சொல்லிப் பார்த்திருக்கிறார், ஒரு வீட்டில் யோசிக்கிறார்களாம்.

பெரம்பூர் அண்ணா, பழைய மெஷினைக் கொண்டுவந்தால் ஹோஸ் மாற்றித் தருவீர்களா? பின்பக்கக் காற்று வழியில் நல்ல ஃபில்டர் ஏதாவது வைக்க முடியுமா? முடியும் என்றால் அதை அந்த அக்கா வீட்டுக்கே கொடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன்.


பெரம்பூர்

கொண்டு வாங்க மேடம். ஞாயிறு மத்தியானம் வரை கடை இருக்கும். உடைந்த ஹோஸையும் கைப்பிடித் துண்டையும் தூக்கிப் போடாமல் சேர்த்து எடுத்து வாங்க, அளவு பார்க்க வேண்டும். பின்பக்கம் ஃபில்டர் வைக்கலாம், ஆனால் ரொம்ப அடர்த்தியாக வைத்தால் மோட்டார் மூச்சுத் திணறும், அதனால் மெல்லிசாகத்தான் வைக்க முடியும், வீசிங் உள்ள குழந்தை இருக்கிற வீட்டுக்கு அது போதாது. அக்கா வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று கேட்டுவிட்டு வாங்க. இருந்தால் வேறு ஒரு மெஷின் என்னிடம் கிடக்கிறது, பை வைத்தது, பிரஷ் மட்டும் போட வேண்டும், பார்ப்போம்.